பாதிச் சாவி என் கையில்!

"ஆ...!"

அலறியது பெண் அல்ல. டை கட்டிய ஆண்.

திங்கட்கிழமை காலை. வங்கியின் ஷட்டர் அப்போதுதான் ஏறியிருந்தது. வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டுப் பழைய போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய வங்கி ஒன்று சின்ன வங்கி ஒன்றை விழுங்கிவிட்டது. அதற்கு இணைப்பு என்று பெயர். பாம்பு தவளையை விழுங்கினால்கூடப் பேப்பரில் அப்படித்தான் போடுவார்கள் போலிருக்கிறது!

உள்ளே, ஸ்ட்ராங் ரூமின் இரும்புக் கதவு பாதி திறந்து நின்றது.

திறந்த வேகத்தில் ஒரு மனிதர் வெளியே சாய்ந்தார்.

பிணமாக!

பெரியசார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை இந்தக் கிளைக்கு மேனேஜர். அன்று சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனவர். போனவர் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அலறிய டைக்காரர் புது மேனேஜர். பெரிய வங்கியிலிருந்து வந்தவர். வயது குறைவு. ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் சின்னசார்.

பக்கத்தில் நின்ற ஹெட் கேஷியர் அம்மா அலறவில்லை. சாய்ந்த தலை தரையில் இடிக்காமல் கையில் தாங்கி, மெதுவாக இறக்கி வைத்தாள்.

"போலீசுக்குப் போன் போடுங்க சார்."

"யா... யாருக்கு மேடம்?"

"ஸ்டேஷனுக்கு. என் தம்பிதான் இன்ஸ்பெக்டர். வருவான்."

வந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு அம்மா முகம் ஞாபகமில்லை. அக்கா முகம்தான். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது, இதே வங்கியில் கவுன்ட்டர் வேலைக்கு வந்து, அந்தச் சம்பளத்தில் தம்பிக்குச் சட்டை, புத்தகம், கடைசியில் காக்கி எல்லாம் வாங்கிக் கொடுத்தவள். கல்யாணம்? கேட்டால், "உன்னைப் பெத்து வளர்த்தது போதாதா?" என்பாள்.

அவள் இப்போது ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"வீட்டுலதான் அக்கா. இங்க மேடம்னு கூப்பிடு. நாலு பேர் பார்க்கறாங்க."

டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். இறந்தவரின் உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். வீங்கிக் கறுத்திருந்தன.

"கதவைத் தட்டியிருக்கார்."

"மூச்சு முட்டிச் செத்தாரா டாக்டர்?"

"உள்ள காத்து இருந்திருக்கும். ஆனா இவருக்கு இழுப்பு வியாதி. இருட்டும் பயமும் சேர்ந்தா இருக்கிற காத்து பத்தாது. வாயில அடிச்சுக்கிற மருந்து எங்க?"

மருந்து பையில் இருந்தது. பை அவருடைய பழைய மேஜைக்கு அடியில் இருந்தது. மேஜையும் கதவும் கூப்பிடு தூரம். கூப்பிட்டுத்தான் இருக்கிறார். யாருக்குக் கேட்டது?

ஏட்டு மெல்ல வந்து காதருகே நின்றார்.

"சார்... கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"நீ சொல்லாம இருந்தாத்தான்யா கோவிச்சுக்குவேன்."

"இந்தக் கதவு ஒரு சாவியில பூட்டாதாம் சார். ரெண்டு சாவி வேணுமாம். ஒண்ணு மேனேஜர்கிட்ட. இன்னொண்ணு..."

"கேஷியர்கிட்ட. தெரியும்யா. அந்தச் சாவி கூட ஒரே வீட்டுல வளர்ந்தவன் நான். ராத்திரி அக்கா அதைத் தலகாணிக்கு அடியில வச்சுட்டுத்தான் படுக்கும்."

"அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதைப் பூட்டினது..." ஏட்டு இழுத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார். ஒருத்தர் தனியா பூட்டவே முடியாது!"

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. டி.எஸ்.பி.

"யோவ், சாவி வச்சிருந்த அம்மா உன் அக்காவாமே?"

"ஆமா சார்."

"அப்ப இந்தக் கேஸ் உன்கிட்ட இருக்கக் கூடாது. பக்கத்து ஸ்டேஷன்ல இருந்து ஆள் அனுப்பறேன். சாயங்காலம் வருவான்."

"யாரு சார்?"

"உலக்கை."

டிபார்ட்மென்ட்டில் அந்த ஆளுக்கு அதுதான் பெயர். முதலில் விலங்கு, அப்புறம்தான் கேள்வி. வருகிறவன் சாவி வைத்திருந்த இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போவான்.

"அதுவரைக்கும் சார்?"

"அதுவரைக்கும் நீ வேடிக்கை பார்க்கலாம். நடுவுல நாலு கேள்வி கேட்டா எனக்குக் காது கேட்காது."

போனை வைத்தார்.

சாயங்காலத்துக்குள் உண்மை வேண்டும். இல்லாவிட்டால் அக்கா கையில் விலங்கு!

* * *

சின்னசார் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் தண்ணீர் சிந்தியது.

"நான் கொல்லல சார்! எனக்கும் அவருக்கும் என்ன பகை? சாவி வாங்கினேன், கை குடுத்தேன், அவ்வளவுதான்!"

"பூட்டும்போது உள்ள ஆள் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"நான் ஏன் சார் பார்க்கணும்?"

"என்னய்யா பேச்சு இது? கதவைச் சாத்தறவன் பார்க்க வேண்டாமா?"

"எங்க பேங்க்ல கேஷியர்தான் சார் பார்ப்பாங்க! உள்ள போய், சுத்திப் பார்த்து, லைட்டை அணைச்சுட்டு வந்து கதவை இழுப்பாங்க. மேனேஜர் வந்து சாவியைத் திருப்புவார். எந்தக் கிளைக்குப் போனாலும் அதான் வழக்கம்."

"இங்கயும் அதான் வழக்கமான்னு கேட்டீங்களா?"

சின்னசார் விழித்தார்.

"கேட்க எங்க சார் நேரம்? அரை நாள்ல முழு கிளையையும் ஒப்படைக்கச் சொன்னாங்க. போர்டு எப்ப மாறும், கலர் எப்ப மாறும்... இதுக்குத்தான் சார் மேல இருந்து போன் மேல போன். என் வீட்டம்மா வேற நிறைமாசம்..."

"அதை ஏன் இப்ப சொல்றீங்க?"

"தெரியல சார். பயத்துல வருது."

இன்ஸ்பெக்டருக்கு இந்த ஆளை நம்பத் தோன்றவில்லை. டை கட்டியவன் அழுதால் அவருக்கு எப்போதுமே சந்தேகம். ஆனால் அந்த டம்ளர் பொய் சொல்லவில்லை.

அடுத்து அக்கா. கேஷ் கவுன்ட்டரின் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் தம்பி. சின்ன வயதில் சாக்லேட்டுக்குக் காசு கேட்டு வந்து நிற்கும் அதே இடம்.

"மேடம்..."

"என்ன சார்?"

"விளையாடாதேக்கா. உள்ள பார்த்தியா?"

"நான் பார்க்கிற வழக்கமே கிடையாது."

"என்னக்கா சொல்றே?"

"எங்க பேங்க்ல மேனேஜர்தான் கடைசியா வெளிய வருவார். சுத்திப் பார்க்கிறது, லைட்டை அணைக்கிறது எல்லாம் அவர் வேலை. அவர் வெளிய வந்து கதவை இழுத்தா, நான் என் சாவியைத் திருப்பிட்டு நகர்ந்துடுவேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து அப்படித்தான்."

"வெள்ளிக்கிழமை கதவை இழுத்தது யாரு?"

"நான்தான். அந்தப் புது மேனேஜர் பையன் போனைப் பார்த்துட்டு நின்னான், அதனால கதவை இழுத்துட்டு வெளிய இருக்கிற சுவிட்சைத் தட்டி லைட்டையும் நானே அணைச்சேன். அவன் பார்த்திருப்பான்னு நினைச்சேன். மேனேஜர்தானே பார்க்கணும்?"

இன்ஸ்பெக்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மண்டைக்குள் ஏதோ 'டக்'கென்று விழுந்தது.

அந்த வங்கியில் கேஷியர் பார்ப்பார்.

இந்த வங்கியில் மேனேஜர் பார்ப்பார்.

அந்த வங்கி மேனேஜரையும் இந்த வங்கி கேஷியரையும் ஒரு கதவு முன்னால் நிறுத்தினால்...?

யாருமே பார்க்க மாட்டார்கள்!

* * *

வெளியே டீக்கடை ஓரத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தார். யூனிபார்ம் இல்லை. இணைப்பு அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலை போன பிறகும் காலையில் கால் தானாக இந்தப் பக்கம் வந்துவிடுகிறது என்றார்.

"ஏன் நிறுத்தினாங்க?"

"கேமரா வருதாம் சார். கேமரா டீ குடிக்காது, லீவு கேட்காது, தூங்காது."

"வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? நான் போயிட்டேன், அது இன்னும் வரல. அந்த நடுவுல இருக்கிற ஓட்டையில விழுந்துதான் சார் மனுஷன் செத்துட்டார்."

"உள்ள மாட்டிக்கிட்டா கூப்பிட வழியே கிடையாதா? போனு?"

"அந்தச் சுவத்துக்குள்ள சிக்னலே வராது, போனு வெறும் செங்கல்லு. ஆனா மணி இருந்துச்சு. உள்ள ஒரு பட்டன். அமுக்கினா என் தலைக்கு மேல அடிக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானமே புதுக் கம்பெனிக்காரன் வந்து வயரை வெட்டிட்டான். திங்கட்கிழமை புது மணி மாட்டறேன்னான்."

"திங்கட்கிழமை!"

"ஆமா சார். இன்னைக்குத்தான்." வாட்ச்மேன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லவங்களா பார்த்துப் போறாங்க சார். முதல்ல சிரிப்பு. இப்ப பெரியசார்."

"சிரிப்பா?"

"கிளார்க் ஒருத்தர். எப்பப் பார்த்தாலும் சிரிச்ச முகம். அதனால அந்தப் பேரு. இணைப்புன்னு சொன்னதும் முதல் டிரான்ஸ்ஃபர் அவருக்குத்தான். மொழி தெரியாத ஊரு. லாட்ஜ்ல தங்கியிருந்தார். நெஞ்சுவலி. கதவு திறக்கலையேன்னு உடைச்சுப் பார்த்திருக்காங்க. எப்பவோ போயிட்டார்."

"அடப் பாவமே..."

"உடம்பைக் கொண்டுவந்து சேர்த்தது உங்க அக்காதானே சார்? சொந்தக்காரன் ஒருத்தனும் போகல. அதுதான் ரயிலேறிப் போச்சு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"எங்க அக்காவா? எப்ப?"

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆபீஸ் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து காய்ச்சல் என்று படுத்தாள். ஊரில் உள்ள திருடன் வீட்டுச் சங்கதியெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிற போலீஸ்காரன், தன் வீட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு சரி!

"அந்தாளும் அக்காவும்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரே டப்பாவுல சாப்பிடுவாங்க சார்," என்றார் வாட்ச்மேன். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"பெரியசார் அந்த டிரான்ஸ்ஃபரைத் தடுக்கலையா?"

"எவ்வளவோ போராடினதா சொன்னார் சார். மேல இருக்கிறவங்க கேட்கலையாம்."

* * *

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியசாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இன்ஸ்பெக்டர் நின்றே பேசினார்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரலைன்னு நீங்க தேடலையாம்மா?"

"ஆபீஸ்ல இருந்தே ரயிலுக்குப் போறேன்னு சொன்னார். பெட்டியைக் காலையிலேயே ஸ்டேஷன்ல போட்டுட்டார். போன் அடிச்சேன். கிடைக்கல. ரயில்ல சிக்னல் இருக்காதுன்னு விட்டுட்டேன். ரெண்டு ராத்திரிப் பயணமாச்சே..."

"எந்த ஊருக்கு?"

"புது பேங்க்கோட தலைமை ஆபீசுக்கு. அங்க பெரிய நாற்காலி குடுத்திருக்காங்க அவருக்கு." அவள் கண் மறுபடி நிறைந்தது. "மத்தவங்களை எல்லாம் கண்டபடி தூக்கியடிச்சாங்க. நமக்கு மட்டும் நல்லது நடந்திருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் கண்ணு பட்டுடுச்சோ?"

"அப்புறம் ஏன்மா அவர் திரும்ப ஸ்ட்ராங் ரூமுக்குள்ள போனார்?"

"கடைசியா ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு போயிருப்பார். எனக்கு மேல அந்த ரூம்தான் அவருக்கு."

அவள் கேட்டாள். சின்னக் குரலில்.

"ரொம்ப நேரம் தட்டினாராமா?"

இன்ஸ்பெக்டர் பல கொலைகளைப் பார்த்தவர். பல வீடுகளுக்குச் சேதி சொன்னவர்.

"இல்லம்மா," என்று பொய் சொன்னார்.

* * *

"வெள்ளிக்கிழமை செஞ்சதை அப்படியே செய்யுங்க. ஒரு அசைவு மாறக் கூடாது. நான் இப்ப வந்துடறேன்."

அக்காவையும் சின்னசாரையும் ஸ்ட்ராங் ரூம் கதவு முன்னால் நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் பாத்ரூம் பக்கம் நடந்தார். ஏட்டுக்கு மட்டும் கண் காட்டினார். ஏட்டு ஏதோ கேட்பது போல் இரண்டு பேரையும் ஜன்னல் பக்கம் திருப்பினார்.

இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் ஸ்ட்ராங் ரூமுக்குள் நுழைந்தார். லாக்கர் வரிசைக்கு ஓரமாக நின்றார்.

"ஆரம்பிங்க!" ஏட்டின் குரல்.

கதவு மூடியது. விளக்கு அணைந்தது.

ஒரு சாவி. 'கடக்!'

இன்னொரு சாவி. 'கடக்!'

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை!

இருட்டு. அப்படி ஓர் இருட்டை அவர் பார்த்ததில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். சுவரைத் தடவினார். பட்டன் கிடைத்தது. அமுக்கினார்.

ஒன்றுமில்லை.

கதவைத் தட்டினார். தன் கை தட்டும் சத்தம் தனக்கே கேட்கவில்லை. ஒரு மனிதர் இங்கேதான் நின்றார்... இதே பட்டனைத்தான் அமுக்கினார்... மணி அடிக்கும், ஆள் வரும், கேஷியர் அம்மா ஓடி வருவாள் என்று நம்பித்தான்...

பட்டனை மறுபடி அமுக்கினார்.

'கடக்... கடக்!'

வெளிச்சம்!

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் வெளியே கால் வைத்ததும் ஓங்கி அறைந்தாள். தோளில், கையில், மார்பில். யூனிபார்ம் என்றும் பார்க்கவில்லை, நாலு பேர் என்றும் பார்க்கவில்லை.

"ஏண்டா உள்ள போன? ஏண்டா போன? யாரைக் கேட்டுடா போன?"

"அக்கா... ஒண்ணுமில்லக்கா... சும்மா ஒரு டெஸ்ட்டு..."

"செத்துப் போயிருந்தா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை எல்லாம் இப்போது வந்தது.

ஏட்டு மெதுவாகக் கேட்டார்: "உள்ள எப்படி சார் இருந்துச்சு?"

"கல்யாணம் மாதிரிய்யா. போனப்புறம்தான் கதவு எவ்வளவு கெட்டின்னு தெரியுது."

சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

கொலை இல்லை! விபத்து! அக்கா பார்ப்பாள் என்று சின்னசார் நினைத்தார். இவர் பார்ப்பார் என்று அவள் நினைத்தாள். இரண்டு வழக்கத்தையும் தைத்தவன் நடுவில் ஒரு தையலை விட்டுவிட்டான்.

டி.எஸ்.பி. முழுதாகக் கேட்டார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரிய்யா. உலக்கையை வர வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா ஒரு ஆள் செத்திருக்கான். யாராவது ஒருத்தன் பதில் சொல்லணுமே?"

பதில் சொல்ல ஆளைப் பெரிய வங்கியே காட்டிக் கொடுத்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வக்கீல் போனில் வந்தார். குரலில் வெண்ணெய்.

"எங்க வங்கியோட நிலைப்பாடு தெளிவா இருக்கு சார். கிளையில எது நடந்தாலும் மேனேஜர்தான் பொறுப்பு. அவரை இப்பவே சஸ்பெண்ட் பண்ணிட்டோம். கவனக்குறைவால் மரணம்னு நீங்க தாராளமா கேஸ் போட்டுக்கலாம்."

"அரை நாள்ல ஒப்படைக்கச் சொன்னது யாரு? மணி வயரை வெட்டச் சொன்னது யாரு?"

"அது கொள்கை முடிவு சார்."

லைன் கட்டானது.

சின்னசார் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வீட்டுக்கு ஒரு போன் செய்யலாமா என்று கேட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு விசும்பினார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அக்கா தப்பித்துவிட்டாள்!

* * *

பொழுது சாயும் நேரம். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

ஹாலில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் யாரோ குடிக்காமல் வைத்த தண்ணீர்.

"லைட்டைப் போடாதே."

"ஏன்க்கா? எல்லாம் முடிஞ்சது. நீ வெறும் சாட்சிதான். வந்து நாலு வார்த்தை சொன்னாப் போதும்."

"அந்தப் பையன் வீட்டம்மா வந்துட்டுப் போனா."

"இங்கயா? எதுக்கு?"

"வயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. 'அக்கா, அவர் வேணும்னு செய்யலன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, நீங்க சொன்னா உங்க தம்பி கேட்பாரில்ல'ன்னா." அக்கா நிறுத்தினாள். "அவனை விட்டுடுடா."

"நான் எப்படிக்கா விட முடியும்? பார்த்திருக்கணும். பார்க்கல. கவனக்குறைவுதானே?"

"அவன் பார்க்கல."

"அதைத்தான் சொல்றேன்."

"நான் பார்த்தேன்!"

இன்ஸ்பெக்டர் சுவிட்சில் வைத்த கை அப்படியே நின்றது.

"எ... என்னக்கா?"

"உள்ள பார்த்தேன்டா. பெரியசார் நின்னுட்டிருந்தார். லாக்கர்ல நெத்தியை வச்சு, அந்தப் பக்கம் திரும்பி. அழுதாரோ என்னவோ."

"அப்புறம் ஏன்...?"

"அந்தப் பையன் அப்பத்தான் பேச்சுவாக்கில சொன்னான். நல்லது சொல்றதா நினைச்சுத்தான் சொன்னான், பாவம். 'உங்க பெரியசார் மாதிரி ஒத்துழைச்ச ஆளே இல்ல மேடம், யாரை அனுப்பலாம்னு மேல கேட்டப்ப அவரே பேரு சொன்னார், முதல் பேரே அந்தச் சிரிச்ச முகத்துக்காரர்தான், வேலையில மெதுவுன்னாராம், அதனாலதான் அவருக்குத் தலைமை ஆபீஸ்ல நாற்காலி'ன்னான்."

அக்காவின் குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போராடினேன்மா, என்னால முடியலைன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதவர்டா அவர். நான் ரயிலேறிப் போய் அந்த உடம்பைப் பார்த்தேன். முகத்துல சிரிப்பு இல்ல. ஆள் அடையாளம் தெரியல எனக்கு. இல்ல, இவர் இல்லன்னு சொல்லிட்டேன். அப்புறம் கையைப் பார்த்துத்தான்..."

இன்ஸ்பெக்டர் சுவரோடு சாய்ந்தார்.

"பழி வாங்கினேன்னு எல்லாம் எழுதாதே. அவ்வளவு பெரிய வார்த்தை அப்ப என் மனசுல இல்ல. கதவு கையில இருந்துச்சு. இழுத்தேன். சாவியைத் திருப்பினேன். அவங்க பேங்க்ல கேஷியர்தான் பார்ப்பாங்கன்னு அந்தப் பையன் காலையிலேயே சொல்லியிருந்தான். நான் பார்த்துட்டேன்னு நினைச்சு அவனும் திருப்பினான்."

"மணி அடிப்பார்னு நினைச்சியா? யாராவது வந்து திறந்துடுவாங்கன்னு..." கெஞ்சினார் இன்ஸ்பெக்டர். எப்படியாவது ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா!

"வயரை வெட்டினப்ப பக்கத்துல நின்னது நான்தான்."

"அக்கா...!"

"சனிக்கிழமை பேங்க் லீவுதான், ஆனாலும் காலையில போனேன்டா. ஷட்டர்ல காதை வச்சுக் கேட்டேன். ஒண்ணும் கேட்கல. என் சாவி என் கையில இருந்துச்சு. ஆனா அது பாதிச் சாவிதானே? அந்தப் பையனுக்குப் போன் போட்டா மீதிச் சாவி வந்திருக்கும். நம்பரை எடுத்தேன்... வச்சுட்டேன். எடுத்தேன்... வச்சுட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து உனக்குச் சமைச்சுப் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவள் காலடியில் உட்கார்ந்தார். காக்கியோடு, தொப்பியோடு.

"யாருக்கும் தெரியாதுக்கா. விபத்துன்னு முடிஞ்சு போச்சு. நீ எதுவும் சொல்லல, நான் எதுவும் கேட்கல. அந்த ஆளுக்குச் சின்னத் தண்டனைதான் வரும்... நான் வக்கீல் வச்சுத் தரேன்..."

"பொண்டாட்டி புள்ளைத்தாச்சி. அவனைப் பெட்டி கட்டி உள்ள அனுப்பச் சொல்றியா? பெரியசார் சிரிப்பை அனுப்பினார். நான் இவனை அனுப்பணுமா?" அவள் அவர் தொப்பியை எடுத்துத் துடைத்தாள். மறுபடி தலையில் வைத்தாள். நேராக வைத்தாள். "எழுந்திரு. ஜீப் வாசல்லதானே நிக்குது?"

"என்னால முடியாதுக்கா... உலக்கையை வரச் சொல்றேன்..."

"அந்த முரடன்கூட எல்லாம் நான் போக மாட்டேன்."

சாவியை மேஜை மேல் வைத்தாள். கைப்பையில் இரண்டு புடவையை மடித்து வைத்தாள். செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்த்தால் தம்பி இன்னும் தரையிலேயே உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா அழறே? எங்காளுங்களை எல்லாம் எந்த ஊருக்குத் தூக்கிப் போட்டாங்கன்னு பாரு! எனக்குப் பாரு, ஜெயில் உள்ளூர்லயே இருக்கு. சர்வீஸ்லயே நானா கேட்டு வாங்கின ஒரே டிரான்ஸ்ஃபர்... வந்து வண்டியை எடு!"